உம்ம உறையும் என் வாளும்

மறுபடியும் அந்தப் புளியங்கொட்டைப் பசை நாற்றம். பட்டறையின் பின்பக்கம் வெயிலில் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் உம்முடைய உறையைக் கிடத்தியிருக்கிறேன். இந்த அரபு நாட்டு ரூவி வெயிலுக்குத் தோல் சூடேற ஏற, அதற்கு அடியிலிருந்து நீர் வறுத்து அரைத்துக் காய்ச்சின அந்தப் பசை மூக்கில் ஏறுகிறது. போய்ச்சேர்ந்தவரை நினைத்தால் அழுகை வரும் என்பார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. உறைக்குள்ளே என் வாள் இருக்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது.

இன்று காலை நம் முதலாளி அர்பாப் தன் வீட்டு வரவேற்பறைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். வெள்ளிக்கிழமை அவர் தம்பிக்குக் கல்யாணம். வாளை மேலே எறிந்து பிடித்து ஆடுவார்களே, அந்த ஆட்டத்துக்கு இதுதான் வேண்டுமாம். அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றி இழுத்துக் களைத்துப் போயிருக்கிறார்கள். "காட் தோ, பாய். மியான் மாஃபி முஷ்கில். சைஃப் சாஹியே. கலாஸ்" என்றார். உறையை வெட்டி எறி, வாள் இருந்தால் போதும், பேச்சு முடிந்தது.

நாளைச் சாயங்காலத்துக்குள் வாள் வெளியே வந்தாக வேண்டும். உறையைக் கீறினால் நீர் கடைசியாகச் செய்த உறை போச்சு. கீறாவிட்டால் நான் அடித்ததிலேயே நல்ல வாள் உள்ளேயே துருவேறிப் போச்சு. என்ன செய்வது என்று கேட்கவும் ஆள் இல்லை, சண்டை போடவும் ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீர் இங்கே வந்ததே ஒரு சொல்லால் வந்த கூத்து. அர்பாபுக்குப் பழங்காலத்து வாள் என்றால் பைத்தியம். கோட்டைகளிலும் பெரிய வீடுகளிலும் பரம்பரையாகக் கிடக்கும் நேர் வாள்களைப் பார்த்து, அதே அளவில், அதே எடையில், கையாலேயே புதிதாகச் செய்ய வேண்டும் என்று இந்தப் பட்டறையைப் போட்டார். எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர்களும் புத்தகத்தில் படத்தைக் காட்டி, தங்கள் ஊர்க் குதிரைவீரர்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த சிலுவைப்பிடி வாளைக் கேட்டார்கள். கோயம்புத்தூரில் மோட்டார் பட்டறையில் சாணை பிடித்துக்கொண்டிருந்த நான், லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து நீட்டி வாளாக்க வந்து சேர்ந்தேன். இன்னொரு வாள் வேலைக்காரர் வேண்டும் என்று பம்பாய் ஏஜெண்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவன் உம்மிடம் தமிழில் கேட்டான், "வாள் வேலை தெரியுமா?" என்று. வள்ளியூர்ப் பக்கம் மரக்கடையில் தடி அறுத்துக்கொண்டிருந்த நீர், நன்றாகத் தெரியும் என்று தலையாட்டிவிட்டீர். உங்கள் பக்கத்தில் மரம் அறுக்கிற ரம்பத்துக்கும் வாள் என்றுதான் பெயர்.

பெட்டி நிறைய அரங்களோடு வந்து இறங்கினீர். நான் அப்போதுதான் சாணையிலிருந்து எடுத்த ஒரு வாளை உம் கையில் கொடுத்தேன். இந்த விளிம்பிலும் அந்த விளிம்பிலும் விரலை ஓட்டிப் பார்த்தீர்.

"பல்லு எங்கவே?"

"என்ன பல்லுங்க?"

"வாளுக்குப் பல்லு வேண்டாமா? பல்லு இல்லாம எதை அறுக்கப் போறீரு?"

பட்டறையே சிரித்தது. விஷயம் புரிந்தபோது அர்பாப் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த விமானத்தில் ஏற்று என்றார். ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பி வந்த மனிதர், நாலு நாளில் திரும்பிப் போய் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? நீர் மூலைக்குப் போய், அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்த உறை ஒன்றை எடுத்துக் குலுக்கினீர். தகரத்தை வளைத்துத் தோல் சுற்றின உறை அது.

"டப்பாக்குள்ள கரண்டியப் போட்ட மாதிரில்லா அடிக்கி! மரத்துல ஒரு கூடு செஞ்சு காட்டுதேன். புடிக்கலேன்னா அனுப்பச் சொல்லும்."

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அதை அர்பாபுக்குச் சொன்னேன். ரம்பத்துக்கு வந்தவர் உறைக்காரர் ஆனீர். என் பிழைப்பிலும் அன்றோடு நிம்மதி போயிற்று.

பின்னே என்ன? அதுவரை நான் வாளை அடித்து, எண்ணெயில் தோய்த்து, பதம் பார்த்து, சாணை பிடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. நீர் வந்த பிறகு ஒவ்வொரு வாளும் உம்மிடம் போய் என்னிடம் திரும்பி வந்தது. "இங்கன கொஞ்சம் தடிச்சிருக்கு, பாரும்." "நுனி வலப்பக்கம் திரும்புது, நிமித்தும்." ஒரு வாளுக்கு ஒரு உறைதான், ஒன்றின் உறை இன்னொன்றுக்கு ஆகாது என்று அடம் வேறு. எங்கள் ஊர்ப் பேச்சில் 'நீர்' கிடையாது. 'நீங்க' என்று சொல்லிக்கொண்டு உம்மோடு சண்டை போடத் தோதுப்படாததால்தான் அந்த 'நீரை' உம்மிடமே கற்றுக்கொண்டேன்.

மத்ராவில் படகு பழுது பார்க்கிறவர்களிடம் வாங்கி வந்த தேக்குப் பலகையை இரண்டாகப் பிளந்து, உள்பக்கம் குடைவீர். வாளின்மேல் கறுப்பாக எதையாவது தடவி, பலகைக்குள் வைத்து எடுத்தால், எங்கே உரசுகிறதோ அங்கே கறுப்பு ஒட்டும். ஒட்டின இடத்தை மட்டும் சீவ வேண்டும். அதற்கு உமக்குக் கண்மைதான் வேண்டும், வேறு எதுவும் ஆகாது. ரூவிக் கடைத்தெருவில் குஜராத்திக் கடைக்காரர், இரண்டு ஆம்பிளைகள் வாராவாரம் வந்து மைடப்பி வாங்குவதைப் பார்த்துவிட்டு, "பாபி ஆ கயீ கியா?" என்று, ஊரிலிருந்து வீட்டுக்காரி வந்தாச்சா என்று, கண்ணடிப்பார். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசும். நீர் ஒன்றும் நடக்காத மாதிரி டப்பியைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பீர்.

"வாயில மட்டும் புடிக்கணும்வே. வயித்துல புடிக்கக் கூடாது" என்பீர். உறையின் வாய் வாளைக் கவ்வ வேண்டும், உள்ளே மற்ற இடமெல்லாம் அது தாராளமாகக் கிடக்க வேண்டும் என்று அர்த்தம். உறை முடிந்ததும் வாளை உள்ளே போட்டு, தலைகீழாக, சரியாக என் காலுக்கு மேலே பிடிப்பீர். "விழுந்தா உம்ம காலு. விழலேன்னா என் தொழிலு." ஒருநாளும் விழுந்ததில்லை. பிறகு பிடியை இரண்டு விரலால் தொட்டு இழுத்தால், வெண்ணெயிலிருந்து வருவதுபோல வரும். இந்த இரண்டையும் ஒரே உறையில் எப்படித்தான் வைத்தீரோ! அப்போது உம்மை ஒரு வார்த்தை பாராட்டவில்லை. இப்போது மட்டும் பாராட்டி என்ன ஆகப்போகிறது?

அர்பாப் வாசலில் நின்று, "யல்லா, ஜல்தி ஜல்தி!" என்று கத்துவார். நீர் தலையைக்கூடத் தூக்காமல், "பைய, பைய" என்பீர். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அவரும் பிடித்துக்கொண்டார். கடைசியில் உம்மைக் கூப்பிடுவதே அந்தப் பெயரால்தான்.

உமக்கு நிஜமாகவே கோபம் வந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. வெள்ளைக்காரர் ஒருவர் தன் வாளை வாங்க வந்தார். உருவினார், வெளிச்சத்தில் பிடித்தார், வளைத்துப் பார்த்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உறையை எண்ணெய் வழிகிற தரையில் போட்டுவிட்டார். நீர் குனிந்து எடுத்து உம் லுங்கியால் துடைத்தீர். அவர் போன பிறகு என்னிடம் வெடித்தீர்.

"எல்லாப் பயலும் உருவுதான். எவனாவது உறையப் பாக்கானா? உம்ம வாளு வெளிய நிக்கது ஒரு நிமிசம்வே. மிச்ச நாளு பூரா என் வீட்டுலதான் கெடக்கு. வாள விட உறைதான் பெரிசு, ஒத்துக்கிடும்!"

"கத்தி இல்லாட்டி உம்ம உறைக்கு என்ன வேலையப்பா? ஒத்துக்க முடியாது" என்றேன்.

அன்று முதல் அதுவே நம் பேச்சாகிவிட்டது. சோறு வடிக்கும்போதும் அதுதான், துணி துவைக்கும்போதும் அதுதான். நீர் ஜெயிக்கவும் இல்லை, நான் தோற்கவும் இல்லை.

இந்த வாள் அர்பாபின் மாமா வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்த வாளின் நகல். முதலில் நான் அடித்துக் கொடுத்ததை நீர் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "நடுவுல ஒரு கோணல் கெடக்கு" என்று திருப்பிவிட்டீர். எனக்கு ஒரு கோணலும் தெரியவில்லை. ஆத்திரத்தில் அதைப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு, இரண்டாவது ஒன்று அடித்தேன். உம்மை வாயடைக்க வைக்கவே அடித்த வாள் அது. அதற்கு நீர் போட்டதுதான் இந்த உறை.

அப்போதே சொன்னேன். கடல் பக்கத்து ஊர், காற்றெல்லாம் ஈரம், இந்தப் புளியங்கொட்டைப் பசை நீரைக் குடித்து ஊதும், டப்பாப் பசையை ஒட்டும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டீரா? குழம்புக்குக் கரைத்த புளியிலிருந்து கொட்டை பொறுக்கிக்கொண்டே, "கடைப்பசை இரும்பக் கருக்கிரும். எனக்குத் தெரியும், சும்மா கெடயும்" என்றீர். தெரிந்த லட்சணத்தைப் பாரும். வாயில் பிடிக்கவில்லை. வயிற்றில் பிடித்திருக்கிறது. நீர் எது கூடாது என்றீரோ அதுவேதான். உம்ம பசையா, அர்பாப் வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீரா என்று இன்றைக்கு நிச்சயமாகச் சொல்ல எனக்கும் வழியில்லை. ஆனால் திட்டுவதற்கு ஏ.சி. தோதுப்படாது.

உறையை முடித்த கையோடு நீர் லீவில் போனீர். லீவு முடிந்தும் வரவில்லை. உம் வேலை என் தலையில் விழுந்தது. ஊர்ச் சாப்பாட்டில் கால் நீட்டிக் கிடக்கிறார் பார் என்று தினமும் ஏசிக்கொண்டிருந்தேன். வரட்டும், வந்ததும் வைத்துக்கொள்கிறேன் என்று சோற்றுப்பானையிடம்கூடச் சொன்னேன். பிறகு உம் ஊர்க்காரர் ஒருவர் சோஹாருக்கு வேலைக்குப் போகிற வழியில் பட்டறைக்கு வந்தார். "அவரு தவறிட்டாருல்லா, உங்களுக்குத் தெரியாதா? நெஞ்சு வலிக்குன்னு உக்காந்தாரு, அவ்வளவுதான்" என்றார். நான் ஏசின நாள்களில் பாதிக்குமேல் நீர் உலகத்திலேயே இல்லை. அந்தப் பேச்செல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஆளை அனுப்பிவிட்டுச் சாணையைப் போட்டேன். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வெயில் இறங்குகிறது. உறை சூடாறிக்கொண்டிருக்கிறது. இழுத்துப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், வாய்வழியே எண்ணெய் விட்டுப் பார்த்தேன். அசையவில்லை. உமக்குப் பதிலாக வந்திருக்கும் சியால்கோட் பாய் நல்ல மனிதர், தோல் வேலையில் கெட்டிக்காரர். "தையலைப் பிரித்துவிடு பாய், ஏன் உயிரை விடுகிறாய்?" என்று இந்தியில் கேட்டார். கூர்க்கத்தியை எடுத்துத் தையலில் நூல்முனையைத் தேடினேன். முனையே இல்லை. எங்கே தொடங்கினீர், எங்கே முடித்தீர் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. சியால்கோட் பாயும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். கத்தியை வைத்துவிட்டேன்.

மேலே எழுதியதை அன்று அப்படியே மடித்து வைத்துவிட்டேன். கல்யாணம் முடிந்து இப்போது இரண்டு வாரம் ஆகிறது.

அதை எழுதின மறுநாள் சாயங்காலம் அர்பாப் வந்தபோது, நீர் கோணல் என்று தள்ளின அந்த முதல் வாளைத் தீட்டி, பளபளவென்று மேசையில் வைத்திருந்தேன். கையிருப்பில் இருந்த ஏதோ ஓர் உறைக்குள் அதைச் செருகியிருந்தேன். "இது அதோட அண்ணன், அர்பாப். ஒரே மாதிரி" என்றேன். அவர் உருவினார். மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினார். வாள் நுனிவரைக்கும் நடுங்கி அடங்கியது. முகம் மலர்ந்துவிட்டது. திரும்பி உறைக்குள் போட்டபோது கடகடவென்று ஆடியது. அது அவருக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. எனக்குத்தான் பல் கூசியது. கோணல் எங்கே இருக்கிறது என்று தீட்டும்போதுகூடத் தேடினேன். இன்னமும் தெரியவில்லை, போம்.

"அந்தப் பழசு?" என்று சாக்கின்மேல் கிடந்ததைக் காட்டினார்.

"எனக்குக் கொடுங்கள்" என்றேன்.

உருவ வராத வாளை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று சிரித்தார். வாள் வேண்டாம், உறைதான் வேண்டும் என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு இந்தியும் போதவில்லை, அரபியும் போதவில்லை. "தோஸ்த் கா", நண்பருடையது என்று மட்டும் சொன்னேன்.

அர்பாப் உறையைக் கையில் எடுத்துத் தையல்மேல் கட்டைவிரலை ஓட்டினார். அவர் ஓர் உறையை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"பைய பைய?" என்றார்.

தலையாட்டினேன்.

"கலாஸ்" என்று என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது அது நம் ரூமில், நீர் சட்டை மாட்டுகிற ஆணியில் தொங்குகிறது. உள்ளே என் வாள் துருவேறிக்கொண்டிருக்கும். நான் அடித்ததிலேயே நல்ல வாள். நினைத்தால் வயிறு எரிகிறது. இருந்தாலும் சரி, ஒத்துக்கொள்கிறேன், உறைதான் பெரிது. மிச்ச நாள் பூரா அது உம் வீட்டிலேயே கிடக்கட்டும். அந்தப் பசை விஷயத்தை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. அது உம்ம தப்புதான்.

தினமும் காலையில் கிளம்பும்போது, பிடியை இரண்டு விரலால் தொட்டு, பைய இழுத்துப் பார்க்கிறேன். வருவதில்லை. உம்மை ஒரு வசை வைதுவிட்டு டூட்டிக்குப் போகிறேன்.