சாரத்தை உயர்த்தச் சொன்னார்கள்

மாசி, செவ்வாய்

இவர் இன்னும் வரவில்லை.

இவருடைய அம்மாவுக்கு மருந்து வாங்கக் காலையில் இருவரும் பட்டணத்துக்குப் புறப்பட்டோம். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துவிட்டு, கல்யாணத்துக்குத் தைத்த நீளக் கால்சட்டையை, அந்தக் களிசானைப் போடச் சொன்னேன்.

"வரக்குள்ள வட்டையில வயலுக்குத் தண்ணி பாக்கணும் புள்ள. சாரமெண்டா மடிச்சுக் கட்டிக்கிட்டு அப்படியே இறங்கலாம். நனைஞ்சாலும் நடக்கக்குள்ளயே காஞ்சிரும்" என்றார்.

சோதனைச் சாவடியில் ஆண்களை நிறுத்தி, சாரத்தை முழங்காலுக்கு மேலே உயர்த்தச் சொன்னார்கள். இவருடைய முழங்காலில் போன போகத்தில் பட்ட காயத்தின் தழும்பு இருக்கிறது. ஆமிக்காரன் அதை அழுத்திப் பார்த்தான்.

"வெடி பட்டதா?"

"மண்வெட்டி பட்டது ஐயா."

"ஓம் ஐயா, நான்தான் மருந்து கட்டின" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவரை ட்ரக்கில் ஏற்றினார்கள்.

களிசான் போட்டிருந்தால் தப்பியிருப்பாரா? அதையும் கழற்றச் சொல்லியிருப்பார்கள்.

பின்னேரம் முகாம் வாசலுக்குப் போனேன். என்ன உடுப்பு என்று கேட்டான் காவலுக்கு நின்றவன்.

"நீலக் கோடு போட்ட சாரம்."

"இங்க கொண்டு வாற எல்லாரும் சாரந்தான்" என்றவன், பிறகு, இன்றைக்கு ஒருவரையும் கொண்டுவரவில்லை என்றான்.

இப்படிப் போன எவரும் எங்கள் ஊருக்குத் திரும்பியதில்லை. மாமிக்கு இன்னும் சொல்லவில்லை. மகன் வட்டையில் காவலுக்கு நிற்கிறான் என்று நினைத்துத் தூங்குகிறா. விடிந்ததும் கேட்பா. அவவுக்கு நான் என்ன சொல்ல?