பக்காரிக்கு உதவாத என் கை

என் செல்லத் தம்பி பக்காரி,

எனக்கு எழுதத் தெரியாது. உனக்குத் தமிழ் தெரியாது. லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மகேந்திரன், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். தன் மாதப் பத்திரிகையில் போடுவாராம். எங்கள் ஆட்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் உன்னோடு சத்தமாகப் பேசுகிறேன்.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகத்தில் ஒரே தொட்டியில் கோப்பை கழுவினோம். முதல் நாளே நுரைக்குள்ளிருந்து உன் கையை எடுத்து என் கையோடு ஒட்டிவைத்துப் பார்த்தாய். "தொந்தோன், மாலியிலை பிறந்தது நானோ நீங்களோ? என்னைவிட நீங்கள்தான் கறுப்பு." தொந்தோன் என்றால் மாமா. நம்முடைய அரைகுறைப் பிரெஞ்சு என் நினைவில் இப்படித்தான் தமிழாகக் கிடக்கிறது.

உனக்கு இரத்தத்தில் புற்றுநோய், வேறொருவரின் எலும்பு மச்சை வேண்டும் என்று கேள்விப்பட்டதும், உன் அந்தப் பகிடியை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் அம்மா கோபிக்கவில்லை. "ஐயா, தோலின் நிறம் இல்லை, வம்சம் பொருந்த வேண்டும். கூடப்பிறந்தவர்கள், இல்லாவிட்டால் அவர் நாட்டுப் பக்கத்து மனிதர்கள். உங்களுக்கு வயதும் கடந்துவிட்டது" என்றார். மச்சை தரப் பெயர் கொடுத்தவர்கள் அநேகமாக வெள்ளைக்காரர்தானாம். கறுப்பர் மிகக் குறைவு. உனக்கோ கூடப்பிறந்த ஒருவரும் உயிரோடு இல்லை. மடித்த சட்டைக் கையை இறக்கிவிடாமலே வீடு போய்ச் சேர்ந்தேன்.

பிறகு, உன் ஊர் ஆட்கள் தங்கும் லா கூர்னெவ் விடுதிக்கு ஒரு தாதியைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் கொஞ்ச இரத்தம்தான்; பொருந்தினால் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மச்சை எடுப்பார்கள், அது திரும்ப ஊறிவிடும் என்று அவள் விளக்கினாள். ஒரே தாம்பாளத்தில் எல்லாக் கைகளோடும் என் கையும் சோறு எடுத்தது. ஊசிக்கு ஒரு கையும் நீளவில்லை.

உன் அறையில் இருந்த நெட்டையன் மூசாதான் வாய் திறந்தான். "எங்களிட்டை விசா இல்லை. பேர் விலாசம் எழுதுவினம். நாளைக்குப் பொலிஸ் கதவைத் தட்டும். உங்கட ஆக்கள் குடுத்தவையோ?"

"இல்லை."

"ஏன்?"

"அவைக்கும் பொலிசுக்குத்தான் பயம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

நீ பனி தொடங்கமுன் கண்ணை மூடிவிட்டாய். யாரைக் கோபிப்பது? இந்த வயதை எங்கே கழற்றி வைப்பது?

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலில் இப்போது செனகல்காரப் பிள்ளை ஒருத்தி. தொற்று வராமல் அடைத்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளுடைய குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அவளுக்கும் இன்னும் ஒருவரும் பொருந்தவில்லை. மகேந்திரன் கடை வாசலில் எங்கள் பெடியளிடமும் பெயர் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறேன். எங்கள் பிள்ளை ஒன்று படுத்தாலும் இதே கதைதானே? "வதிவிடக் கார்ட் கிடைக்கட்டும் அப்பு, பிறகு பாப்பம்" என்று மரக்கறிப் பையோடு நழுவுகிறார்கள்.

நேற்று மூசா உணவகச் சமையலறைப் பின்கதவில் வந்து நின்றான். நம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொந்தோன், அந்த ஊசி எவ்வளவு நீளம்?"

"எனக்கென்ன தெரியும். வா, போய்ப் பாப்பம்."

திங்கட்கிழமை வருகிறேன் என்றான். வருவானோ தெரியாது. வந்தாலும் அவளுக்குப் பொருந்துமோ, அதுவும் தெரியாது. நான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன், பக்காரி. அவன் வராவிட்டால் அடுத்த திங்களும் நிற்பேன். என் கையிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை. ஊசி ஏறும்போது அவன் பிடித்துக்கொள்ளவாவது இருக்கட்டும்.

உன் தொந்தோன்,
சின்னத்துரை (கைநாட்டு)