பதினைந்து காட்டும் வரை

செப்டம்பர் 28
வேளாண் அலுவலகப் பெண் இன்று மண்ணில் குத்தும் கம்பித் தெர்மாமீட்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள். எண் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் கொடுப்பாளாம். நான் கையைத் தூக்கினேன். எழுபத்தொரு வயதில்!
"போன குளிர்காலத்துலதான் எழுதப் படிக்கப் பேனா பிடிச்சாரு. இப்ப மண்ணுக்குக் காய்ச்சல் பார்க்கக் கிளம்பிட்டாரு" என்றார் பக்கத்து வயல் லெபுசா. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.
வெயில் ஏறும் முன் விரல் ஆழத்துக்குக் குத்த வேண்டும். பதினைந்து டிகிரி காட்டினால் பீன்ஸ் போடலாம். போன வருடம் அவசரப்பட்டோம், குளிர் மண்ணில் விதை எல்லாம் அழுகியது.
இதை எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. பரவாயில்லை.

செப்டம்பர் 29
ஒன்பது. நானே படித்தேன்.

அக்டோபர் 3
பத்து. என் மனைவிக்கு, லிநெயோ அம்மாவுக்கு, இன்றும் களி இறங்கவில்லை. இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவள் கேட்பது ஒன்றுதான். "வயல் முளைக்கறதைப் பார்த்துட்டுப் போயிடறேன்."
எங்கே என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 8
பதினொன்று. வசந்தம் வந்தும் மலையில் மறுபடி பனி.
"எனக்காக ஒரே ஒரு வரிசை போடுங்களேன்" என்றாள்.
"அழுகிடும், லிநெயோ அம்மா. கொஞ்சம் பொறு."
"நான் உங்களுக்கு வாக்கப்பட்டேனா, அந்தக் கம்பிக்கா?"
சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 10
ஒரு யோசனை. தகர டப்பாவில் வயல் மண்ணை அள்ளி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினெட்டு! சில விதைகளை ஊன்றினேன். அவளிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 17
டப்பாவில் முளைத்துவிட்டது! தூக்கிக்கொண்டு ஓடினேன். பார்த்தாள். சிரித்தாள்.
"இது அடுப்பு பெத்த பிள்ளை. நான் கேட்டது வயலை."
சிரித்தது வலித்திருக்க வேண்டும். போர்வையைக் கடித்துக்கொண்டாள்.
வயல் பதின்மூன்று.

அக்டோபர் 21
பதினைந்து.
சொல்ல ஓடி வந்தேன். லெபுசாவின் மனைவி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
லிநெயோ அம்மா போய்விட்டாள்.

அக்டோபர் 22
மகள் லிநெயோ ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வர வேண்டும். சனிக்கிழமைதான் அடக்கம். அதுவரை ஊரில் யாரும் மண்ணைக் கிளற மாட்டார்கள். கிளறினால் ஆலங்கட்டி விழும்.
லெபுசாவிடம், "நீங்களாவது ஏர் பூட்டுங்க, ஈரம் போயிடும்" என்றேன்.
"வாயை மூடுய்யா. முதல்ல அவங்க மண்ணுக்குள்ள போகட்டும். விதை அப்புறம் போகும்."
ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. விடிந்ததும் பழக்கத்தில் வயலுக்குப் போய்விட்டேன். கம்பி பாதி இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது. பிடுங்கிவிட்டேன். குத்தினதும் கிளறினதுதானே? இவ்வளவு படிச்சு என்னத்துக்கு? நாள் முழுக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 26
குழியில் ஒரு பிடி மண் போட்டேன். ஆழத்திலிருந்து வந்த மண், கையில் சில்லென்று இருந்தது. எத்தனை என்று தெரியாது.

அக்டோபர் 28
ஊரே ஏரோடு முதலில் என் வயலுக்கு வந்தது. துக்கத் துணியைக் கழற்றும்வரை நான் வயலில் கால் வைக்கக் கூடாது, விதையையும் தொடக் கூடாது. பாதையில் நின்றேன்.
"எவ்வளவு ஆழம், படிப்பாளி?" என்று லெபுசா கத்தினார். விரலைக் காட்டினேன்.

நவம்பர் 7
வயல் முளைத்துவிட்டது. லெபுசா வரிசை வரிசையாக நடந்து பார்த்துவிட்டுப் பாதைக்கு வந்தார்.
"நீங்க சொன்ன எண் சரிதான், லிநெயோ அப்பா. ஒண்ணுகூட அழுகல."
தலையாட்டினேன்.
அவள் கேட்ட அந்த ஒரு வரிசை அழுகியிருந்தால்தான் என்ன?