ஒண்ணுமில்லாத நாள்

சம்பந்தி,

உங்கள் வீட்டுச் சாவி நேற்று கூரியரில் குளத்தூருக்கு வந்து சேர்ந்தது. கோயம்புத்தூரிலிருந்து உங்கள் மகள், அதாவது என் மருமகள், அனுப்பியிருந்தாள். உறையைப் பிரித்தால், நீங்கள் கட்டிவைத்த பச்சை ஒயர் பின்னல் அப்படியே தொங்குகிறது. கூடை பின்னி மிஞ்சிய ஒயரில் சாவிக்கு ஒரு வால் போட்டுவிட்டு, "இருட்டுல துழாவுனாலும் கையில சிக்கும்ல" என்பீர்களே, அதேதான். பார்த்ததும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பீரோ மேலிருந்த பையை இறக்கித் தூசி தட்டினேன். ஆமாம் சம்பந்தி, நாங்கள் கடலுக்கு வருகிறோம்!

நாங்கள் என்றால் நானும் உங்கள் அண்ணனும் மட்டும். என் வீட்டுக்காரரைப் பார்த்த முதல் நாளே அண்ணனாக்கிக்கொண்டவர் நீங்கள். அந்த அண்ணன் இத்தனை வருடத்தில் காரணமில்லாமல் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. மாவு மில்லை மூடுவதென்றால் ஒன்று கல்யாணமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் கருமாதியாக இருக்கவேண்டும்.

மணமேல்குடிக்கு நாங்கள் வராமலா இருந்தோம்? நிச்சயதார்த்தத்துக்கு வந்தோம், பேத்தி காதுகுத்துக்கு வந்தோம். பந்தி முடிந்த கையோடு கையைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறிவிடுவோம். நீங்கள் தவறாமல் சன்னல் பக்கம் வந்து நிற்பீர்கள்.

"விசேஷம்னாத்தான் வருவீங்களாக்கும்? ஒண்ணுமில்லாத நாளாப் பாத்து ஒரு தடவ வாங்க சம்பந்தி. அண்ணனும் நீங்களும் சும்மா கடலப் பாத்துக்கிட்டுக் கெடங்க. சோறு நான் ஆக்கிப் போடுறேன்."

உங்கள் அண்ணனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். "எடுப்பா வண்டிய" என்று டிரைவரை அவசரப்படுத்துவார்.

கடைசியாகப் போன பங்குனியில் வந்தோம். உங்களுக்கு மாலை போட. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதென்று ஆளாளுக்குக் கையைப் பிடித்து என்னை வேனில் ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்ததும் பழக்கத்தில் சன்னல் பக்கம் திரும்பிவிட்டேன் சம்பந்தி. அங்கே யாரும் இல்லை. அறந்தாங்கி வரும்வரை அழுதேன். அன்றைக்கே உங்கள் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், ஒரு தடவையாவது சும்மா போகவேண்டும் என்று. அவரும் தலையாட்டினார்.

புரட்டாசியில் போகலாம் என்றது நான்தான். ஐப்பசி பிறந்தால் தீபாவளி மாவுக்குக் கூட்டம் வாசலை மறிக்கும், மழையும் பிடித்துக்கொள்ளும். இப்போது வெயில் தணிந்திருக்கிறது, மில்லும் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்று, புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. மீன் முள்ளைக்கூட விட்டுவைக்காத மனிதர், கடற்கரையில் உட்கார்ந்து பருப்புப்பொடி சாதம் சாப்பிடுவாரா? பயந்துகொண்டேதான் கேட்டேன்.

தலையைச் சொறிந்தார். "மீனுதான் இங்கிட்டே வண்டியில வருதே. அதுக்கா அங்க போறோம்?" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து வீடு அமளிதுமளிதான். முதல் பஸ்ஸுக்கு ஓடக் கூடாது, வெயில் ஏறிய பிறகு மெதுவாகக் கிளம்பவேண்டும். அறந்தாங்கியில் இறங்கி, காபி குடித்து, என் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு அடுத்த பஸ். உங்கள் வீட்டில் அலாரம் வைக்கவே கூடாது. உங்கள் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டையும் பின்பக்கமாகத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஓரம் போடவேண்டும். உங்கள் ஊர்க் கடல் கண்மாய் மாதிரி அடங்கிக் கிடக்கும், பயமில்லை. காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்காரப்போகிறேன். நான் கடலில் கால் நனைத்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? உங்கள் அண்ணன் புதுக்கோட்டையில் ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கி மிளகாய் மூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறார். எனக்குத் தெரியாதாம்!

இவ்வளவும் செய்தவர் கெடுத்தாரே ஒரு கெடுப்பு! மில்லுக்கு வந்தவர்கள் எதற்கு மூடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சும்மா போகிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. "மணமேல்குடியில ஒருத்தருக்கு மேலுக்கு முடியல" என்று சொல்லி வைத்துவிட்டார். இன்று காலை எதிர்வீட்டு மல்லிகா பிரட் பாக்கெட்டும் சாத்துக்குடியுமாக வந்து நிற்கிறாள்.

"யாருக்குங்க முடியல? பாவம், சம்பந்தியம்மா போயே ஆறு மாசந்தான ஆகுது. நாங்களும் வாரோம். தெருவுல கேட்டுட்டேன், ஒரு வேன் புடிச்சா எல்லாருமாப் போயி ஒரு எட்டு பாத்துட்டுச் சாயங்காலம் திரும்பிரலாம்."

மறுபடியும் வேன்! மறுபடியும் போன கையோடு திரும்புவதா? வேண்டாம் என்றால் மனசு சங்கடப்படுவாள், சரி என்றால் போச்சு. "அட மனுசா!" என்று அவரை முறைத்தேன். திருதிருவென்று விழித்தார். சாத்துக்குடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் இடுப்பில் தொங்கிய பச்சை ஒயரைப் பார்த்தார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லத்தா" என்றார். "நாந்தான் பொய் சொல்லிட்டேன். நானும் இவளும் சும்மா கடலப் பாக்கப் போறோம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

மல்லிகா வாயைப் பிளந்தாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். "அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? இந்தாங்க, பழத்த அங்க போயி உரிச்சுத் தின்னுங்க. வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. எங்க வீட்டு ஆளையும் ஒரு நாளு கெளப்பணும்." பிரட்டை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் மில் வாசலில் சிலேட்டுப் பலகையோடு உங்கள் அண்ணன் நின்றார். மூடும்போதெல்லாம் 'விசேஷம்' அல்லது 'துக்கம்' என்று எழுதித்தான் தொங்கவிடுவார். இன்றைக்குச் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு கொட்டை எழுத்தில் எழுதினார்: 'கடலுக்குப் போயிருக்கிறோம்.' எழுதி முடித்து, ஒளித்துவைத்த தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாரே, கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

பை கட்டி வாசலில் தயாராக இருக்கிறது. சாத்துக்குடியை மேலாக வைத்திருக்கிறேன். சாவி என் இடுப்பில்தான், கழற்ற மனம் வரவில்லை. உங்கள் கதவை நானே திறக்கவேண்டும், அடுப்பை நானே பற்றவைக்கவேண்டும். ஆனாலும் எப்போது விடியும் என்று இருக்கிறது.

அன்றைக்கு உங்களிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். இந்தத் தடவை சொல்லிவிட்டே கிளம்புகிறேன். நாளைக்கு எங்களுக்கு ஒண்ணுமில்ல, சம்பந்தி. வாரோம்.