செத்த வரிசையில் ஒரு பெயர்

இன்று காலை கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கைத் திறந்ததும் அந்த வாடை மூக்கில் ஏறியது. ராத்திரி பெய்த மழையில் கூரை ஒழுகி, ஒரு மூட்டை யூரியா நனைந்து கல்லாகக் கிடந்தது. "முதலாளி, வீசிடவா?" என்று வேலையாள் கேட்டான். ஏழு வருடத்துக்கு முன்பு இதே கேள்விக்கு, "வீசாதே, தோட்டக் கிளப்புக்குக் குடு" என்று சொன்னவன் நான். அதனால்தான் இந்த மடல். பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், மேடம்.

உங்களை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று மூவாரிலிருந்து தம்போய்க்கு வந்தீர்கள். வந்த மூன்றாம் மாதம் தொப்பியும் காற்சட்டையுமாக என் கடை வாசலில் நின்றீர்கள். பின் சந்தில் பதினொரு வருடமாக நான் பிளாஸ்டிக் குழாய்களை அடுக்கி வைத்திருந்தேன். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள்.

"முதலாளி, குழாய எடுத்தீங்கன்னா அங்க தோட்டம். எடுக்கலைன்னா நகர மன்றத்துக்குக் கடிதம். எது வசதி?"

எடுத்தேன். நீங்கள் ஆரம்பித்த தோட்டக் கிளப்பிலும் சேர்ந்தேன். சேர்ந்ததற்குக் காரணம் செடியன்று, வியாபாரம்தான். தோட்டம் போட்டால் மண்வெட்டி வேண்டும், நீர்க்குழாய் வேண்டும், பெயிண்ட் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். நீங்களோ எதிர் வரிசைச் சீனர் கடையில் இருபது காசு மலிவு என்று அங்கே வாங்கினீர்கள். என் கடை வாசல் வழியாகவே தூக்கிக்கொண்டு போனீர்கள்.

வேலை நடந்தது என்பதை மறுக்கமாட்டேன். சாக்கடைச் சுவருக்கு வண்ணம் ஏறியது. பஸ் நிறுத்தத்தைச் சுற்றிப் பூச்செடி வந்தது. சனிக்கிழமை காலையானால் பிளாட் வீட்டுப் பிள்ளைகள் இருபது பேர், நம் பிள்ளைகளும் மலாய், சீனப் பிள்ளைகளும், சந்தில் குந்தி உட்கார்ந்து மண் கலக்குவார்கள். பதினைந்து வயதில் என் மகள்தான் அவர்களுக்கெல்லாம் தலைவி.

அப்புறம் உங்கள் அந்தப் பழக்கம். எந்தக் கிளப்பிலும் நான் கேள்விப்படாதது. ஒரு செடி செத்தால் அதைக் குப்பையில் போடக்கூடாது. சுவரோரம் வரிசையாக வைக்க வேண்டும். எதனால் செத்தது, யார் கையால் செத்தது என்று ஒரு சின்னப் பலகையில் எழுதிக் குத்த வேண்டும். 'தண்ணி ஊத்த மறந்துட்டேன்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெயர். 'பந்து பட்டு ஒடிஞ்சது' என்று எழுதி இன்னொரு பெயர். பிள்ளைகள் அதைச் செத்த வரிசை என்றார்கள். "அழகுபடுத்தற இடத்துல பொணத்த அடுக்குறாங்க, அலமாக்" என்று காப்பிக் கடையில் நான் தலையில் கை வைத்துச் சிரித்தேன். "செத்ததுக்கும் ஒரு ஆள் பதில் சொல்லணும், முதலாளி" என்றீர்கள் நீங்கள்.

பின் சந்துகளுக்காக மன்றம் நடத்திய அழகுப் போட்டிக்கு நம் சந்தும் பெயர் கொடுத்தது. ஜெயிக்கிற சந்துக்குப் புது விளக்கும் சாக்கடைக்கு மூடியும் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். என் லாரி வந்து நிற்கிற இடம் அது. எனக்கு அது வேண்டும். ஊர்முன் ஒரு நல்ல பெயரும் வேண்டும். அந்தச் சமயம்தான் கிடங்கில் நான்கு மூட்டை யூரியா நனைந்து இறுகியது. விற்க முடியாது. நன்கொடை என்று சொல்லிக் கொடுத்தேன், படமும் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் கிளை வெட்டி நட்டு வளர்த்த செம்பருத்திகள் அப்போதுதான் மொட்டு விட்டிருந்தன.

"எவ்வளவு போடணும்ப்பா?" என்று மகள் கேட்டாள்.

ஒரு தேக்கரண்டி போதும் என்று எனக்குத் தெரியும். உரம் விற்கிறவன் நான். ஆனால் மூட்டை காலியாக வேண்டும். "கை நிறையப் போடு, சீக்கிரம் பூக்கும்" என்றேன்.

சுத்தியலால் உடைத்து உடைத்துப் போட்டாள். மூன்றாம் நாள் இலை எல்லாம் கருகிவிட்டது. நீங்கள் அந்த வாரம் மூவாரில், தம்பி வீட்டில் இருந்தீர்கள். நடுவர்கள் வர இரண்டு நாள்தான் பாக்கி. கூலாய்ப் பக்கம் தெரிந்த நர்சரியில் முப்பது காகிதப்பூச் செடி வாடகைக்கு எடுத்தேன். வேலையாட்களை வைத்துத் தொட்டியோடு குழியில் இறக்கி, விளிம்பு தெரியாமல் மண் போட்டு மூடினேன். செத்த செம்பருத்திகளைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். சந்து கல்யாண வீடு மாதிரி இருந்தது. இதெல்லாம் எல்லா இடத்திலும் நடப்பதுதான், மேடம். நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

மூவார் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே சந்துக்கு வந்தீர்கள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. குப்பைத் தொட்டிக்குள் குனிந்து செம்பருத்திகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினீர்கள். நடுவர்கள் மூன்று பேர் வந்து நின்றதும், ஒரு காகிதப்பூவை அடித்தண்டில் பிடித்துத் தூக்கினீர்கள். கருப்புத் தொட்டியோடு வந்தது.

இது வாடகைச் செடி, இதற்கு மதிப்பெண் போடாதீர்கள், எங்கள் செடி அங்கே இருக்கிறது என்று மலாயில் சொன்னீர்கள். நடுவர் ஒருவர் செம்பருத்தியைப் பார்த்து, இது ஏன் செத்தது என்று கேட்டார்.

"யூரியா அதிகம். வேர் வெந்துபோச்சு" என்றாள் என் மகள்.

"யாரு போட்டது?" என்றீர்கள் நீங்கள். அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

நான் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

"நான்" என்று என் மகள் கையைத் தூக்கினாள். அதற்குப் பிறகும் நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு பலகையையும் மார்க்கரையும் அவளிடம் நீட்டினீர்கள். அவள் எழுதிக் குத்தினாள்.

தோற்றோம். நடுவர்கள் போனதும் உங்களிடம் வந்தேன். "ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன மேடம் குறைஞ்சிரும்?"

"நீங்க ஒரு தடவ வாயத் திறந்திருந்தா, நான் மூடியிருப்பேன்."

அதன்பின் ஆறு வருடம் உங்கள் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. மன்றத்தில் பதவி தேடுகிறீர்கள் என்று கடை கடையாகச் சொல்லிவைத்தேன். அது பொய். குழாய்களைத் திரும்பச் சந்தில் அடுக்கினேன். நீங்கள் கடிதம் போட்டீர்கள், அபராதம் வந்தது. அது நியாயம். மகளிடம் ஒருமுறை, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "பொய் சொல்லலப்பா. போட்டது என் கைதானே" என்றாள். அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை.

போன வருடம் நீங்கள் கண்ணை மூடியபோது, கடை வரிசையில் எல்லாரும் கிளம்பினார்கள் என்று நானும் வந்தேன். உள்ளே வரவில்லை. உங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று வண்டி நிறுத்த இடமில்லை என்று குறை பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே என் மகள் அழுதது வெளியே கேட்டது.

இன்று அந்த மூட்டையை வீசச் சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். சனிக்கிழமை. உங்கள் கிளப் பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். செத்த வரிசையும் இருக்கிறது. மற்ற பலகைகளின் எழுத்து மழையில் போய்விட்டது. என் மகள் பெயர் மட்டும் அப்படியே. நீங்கள் நீட்டிய அந்த மார்க்கர், அன்று காலை அவள் என் கடையிலிருந்து கிளப்புக்கு எடுத்துப் போனது. நல்ல சரக்கு, அழியாது.

அதே ரக மார்க்கர் ஒன்றை எடுத்து வந்து அவள் பெயருக்குக் கீழே எழுதினேன்: 'கை நிறையப் போடச் சொன்னது', பக்கத்தில் என் பெயர். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டிப் பெண் வந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அங்கிள், இது நீங்களா?"

"ஆமா."

"அப்ப ஏன் முதல்ல அக்கா பேரு மட்டும் இருந்துச்சு?"

இந்தக் கேள்வி கேட்கிற பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கைத்தொலைபேசி பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

"அன்னைக்கு நான் வாயத் திறக்கல" என்றேன்.

"ஓ" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.

அவ்வளவு சுலபமான ஒன்றை என்னை ஏழு வருடம் சுமக்க வைத்தீர்கள். அதை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பார்வை இன்னும் என் முதுகில்தான் இருக்கிறது. பலகையில் எழுதியதால் இறங்கவில்லை. மகளிடம் எதுவும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், நாளை வருவாள். வந்தால் எப்போதும் பின் சந்து வழியாகத்தான் கடை மாடி வீட்டுக்குள் நுழைவாள்.