வாலில் மயில் படம் போட்ட விமானம்

மரியாதைக்குரிய அத்தாவுக்கு,

ஷார்ஜாவிலிருந்து அன்சார் ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான்.

வட்டி வேண்டாமென்று பணத்தை வங்கியில் போடாமல் பங்கு வாங்கினீர்கள், அது சரி. ஆனால் என்னை வழியனுப்ப நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு வந்தவர், எந்த விமானக் கம்பெனியின் வரிசை நீளம் என்று பார்த்தா பங்கு வாங்குவது? கேட்டால், "நாப்பது வருஷமா கடை வச்சு கச்சவடம் பண்றவன்டா நான். கூட்டம் நிக்கிற கடைதான் பொழைக்கும்" என்று போனில் என்னையே அதட்டுகிறீர்கள். நம் கடைக்கு எதிரில் அடக்கவிலைக்கும் குறைவாக அரிசி விற்றவனிடம் எவ்வளவு கூட்டம் நின்றது? ஆறே மாதத்தில் அவன் ஷட்டரை இழுத்து மூடியபோது, "எனக்கு அப்பவே தெரியும்" என்றது யார்?

நான் இங்கே விமானத்தில் பெட்டி ஏற்றுகிறவன். வாலில் மான் படம் போட்ட கம்பெனியின் விமானம் வந்த முக்கால் மணி நேரத்தில் திரும்பிப் பறக்கிறது. நீங்கள் வாங்கிய மயில் கம்பெனியின் விமானம் மூன்று வாரமாக மூலையில் நிற்கிறது. அதன் இன்ஜினைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

இந்த வாரமே விற்றுவிடுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மா அரைத்த மல்லிப்பொடி கொடுத்தனுப்புங்கள். வேலைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

பெருநாளுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம். நேற்று என் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார்கள். மலிவாகக் கிடைத்ததென்று நானும் மயிலில்தான் எடுத்திருந்தேன்.

அன்சார்