ஆலயக் கதவில் எஸ்தர் பெயர்

நவம்பர் 12, புதன்

காலையில் வாடிப்பட்டிக்கு பஸ் ஏறப் போகும்போது, எங்கள் ஆலயக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வருடா வருடம் ஒட்டுகிற தாள்தான். இன்றுதான் நின்று, முழுதாக வாசித்தேன். பெண்கள் சங்கத் தலைவி பொறுப்புக்கு முன்மொழியப்பட்டவர்கள் என்று மேலே இருந்தது. முதல் பெயர் எஸ்தர், என் மனைவி. விருப்பமில்லாதவர்கள் ஞாயிறு ஆராதனைக்கு முன் பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்று கீழே இருந்தது. பஸ் போய்விட்டது.

வீட்டில் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ எஸ்தரு, ஒம்பேரு கதவுல இருக்கே."

"மூணு வருசமா இருக்கு. நீங்க இப்பத்தேன் பாக்குறீக."

"பெறகு ஏன் தலைவியாகல?"

முறத்தைக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு வேணாங்குறாருன்னு சொல்லி எடுத்துருவேன். அம்புட்டுப் பேரு முன்னாடி நின்னு செபம் பண்ணப் பயமா இருக்கும்ல."

சங்கத்துப் பெண்கள் இத்தனை நாளாக என்னை ஏன் முறைத்தார்கள் என்று இப்போது புரிகிறது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"இந்தத் தடவ நானே போயி சம்மதம்னு சொல்லிட்டா?"

"சொல்லுவீக, சொல்லுவீக."

அவள் முதல் கூட்டத்தில் எப்படிச் செபிப்பாள்? உட்கார்ந்து கேட்க எனக்கு ஆசை. ஆண்களை உள்ளே விடுவார்களா, தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாள் என்றும் தெரியவில்லை. படுக்கப் போகும்போது கேட்டாள்.

"எம்பேரு எத்தனாவதா இருக்கு?"

"மொதல்ல."

"நாளைக்குப் போறப்ப இன்னொருக்கா வாசிச்சிட்டு வாங்க."